பட்டறைத் தெருவில் ஒரு கல்லூரி

இருபத்திரண்டு வருடமாக நெசவாலையில் தறி ஓட்டும் அம்மாவுக்கு மெல்லப் பேச வராது. "தண்ணி கொண்டா" என்றாலே பக்கத்து வீட்டார் சண்டையோ என்று எட்டிப் பார்ப்பார்கள். அவளுடைய ஒரே மகள், காதைப் பற்றிய படிப்புத்தான் படிப்பேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாம் உன்னாலதான்" என்று சிரித்தாள். அம்மா அதைக் கேலி என்றே எடுத்துக்கொண்டாள்.

இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று ஊருக்கு வெளியே, புல்வெளியும் நீரூற்றும் கண்ணாடிக் கட்டடமுமாகப் பளபளத்தது. பார்த்த அன்றே அம்மா மனதுக்குள் மகளை அங்கே சேர்த்துவிட்டாள். மற்றது நகரத்தின் பட்டறைத் தெருவில் இருந்த ஒரு சின்னத் தனியார் கல்லூரி. மகள் பிடித்த பிடியை விடாததால், அதையும் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினார்கள்.

தெருவில் கால் வைத்ததும் அம்மாவின் முகம் சுருங்கியது. ஒரு பக்கம் தகரம் தட்டுகிறார்கள், மறுபக்கம் இரும்பு அறுக்கிறார்கள்; தீப்பொறி காலடி வரை வந்து விழுகிறது. அதற்கு நடுவே மூன்று மாடிக் கட்டடம், வாசலில் கையகலப் பலகை. மொத்தமே நாற்பது பேர்தான் படிக்கிறார்களாம்.

"காதைப் பத்திப் படிக்க இதானாடி எடம்? படிச்சு முடிக்கறதுக்குள்ள உனக்கே காது போயிடும்."

"உள்ள வாம்மா. பாத்துட்டுத் திட்டு."

கீழ்த்தளத்து பெஞ்சுகளில் கரி படிந்த கையோடு பட்டறைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாணவிகள் ஒவ்வொருவராக அழைத்துக் காதைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்களுக்காகத்தான் இந்தத் தெருவுக்கு வந்தோம்," என்றார் கல்லூரித் தலைவி. "எங்க பிள்ளைங்க முதல் வருஷத்துலயே நிஜக் காதைப் பாத்துப் படிக்குது."

அம்மா பிடிகொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

தலைவி அவர்களை மாடியில் ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். கதவே ஒரு சாண் கனம். சுவரிலும் கூரையிலும் கூம்பு கூம்பாகப் பஞ்சு. தாயையும் மகளையும் உட்காரவைத்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

தெருச் சத்தம் அப்படியே அறுந்துபோயிற்று.

அம்மா திடுக்கிட்டு மகளின் கையைப் பிடித்தாள். இப்படி ஓர் அமைதியை அவள் தூக்கத்தில்கூட அறிந்ததில்லை. கண்ணை மூடினாலும் தறி காதுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். கொஞ்ச நேரத்தில் எங்கோ ஆழத்திலிருந்து திம், திம் என்று ஒன்று எழுந்தது.

"கீழ ஏதோ மெஷின் ஓடுது," என்றாள்.

"எனக்குக் கேக்கலையே. உன் நெஞ்சா இருக்கும்மா."

அம்மா நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். தறிகூட ஷிஃப்ட் மாறும்போது நிற்கும். இது பிறந்த நாளிலிருந்து நின்றதில்லை. ஒரு நாளும் தன்னைக் கேட்கச் சொன்னதுமில்லை. மூச்சைப் பலமாக விட்டால்கூட அது நின்றுவிடுமோ என்று பயந்தாள்.

"ஏதாச்சும் பேசு," என்றாள். அது அவள் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். அத்தனை மெல்ல வந்தது. இத்தனை வருடம் மகளின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டவள், இப்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா பேச? எனக்கு இந்த எடம்தான் புடிச்சிருக்கு."

ஓர் எழுத்து சிந்தாமல் கேட்டது. மகளின் குரலில் லேசான கரகரப்பு இருந்தது. அது அவளுக்கு அன்றுவரை தெரியாது.

தலைவி கதவைத் திறந்ததும் சத்தம் வெள்ளமாகப் பாய்ந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "சேக்கறதுக்கு என்னென்ன கொண்டு வரணும்மா?"

மகள் அங்கேயே சேர்ந்தாள். அவ்வளவு பெரிய கல்லூரியை ஏன் விட்டாய் என்று ஆலைத் தோழிகள் துளைத்தெடுத்தார்கள்.

"அங்க ஒரு ரூம் இருக்கு," என்றாள் அம்மா. "வாங்க, ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்."