படத்தில் இல்லாத குழாய்

1

இந்தக் கதை ஒரு ஆஸ்பத்திரிப் படிவத்தின் பின்பக்கத்தில் தொடங்கியது. டாக்டர் பாகீரதி அதில் ஒரு இதயம் வரைந்தார். ஆறு நாள் வயதான என் மகளுடையது.

‘அன்று வெளியே மழை’ என்று ஆரம்பித்தேன். மழை இல்லை. அடித்துவிட்டேன்.

2

“நுரையீரல்லேர்ந்து வர்ற ரத்தக்குழாய் நாலும் இடது பக்கம் சேரணும். இவளுக்கு வலது பக்கம் சேர்ந்திருக்கு. மாத்தித் தைக்கணும். பண்ணலேன்னா பிழைக்கமாட்டா. பண்ணினாலும் நூத்துல பத்துப் பதினஞ்சு தவறிடறது.”

டாக்டருடையது மும்பை மாட்டுங்காத் தமிழ். கெட்ட செய்திகூட மரியாதையாக வந்தது.

என் கணவர் செல்வம் தாராவியில் பிளம்பர். படத்தை உற்றுப் பார்த்தார்.

“மேடம், இதுல இல்லாத லைன் ஒண்ணு உள்ள ஓடும். பாத்துக்கிடுங்க.”

“ஸ்கேன் எடுத்தாச்சே.”

“முனிசிபாலிட்டிகிட்டயும் மேப் இருக்கு மேடம். நாங்க வால்வ அடச்ச பொறவும் தண்ணி வருதான்னு பாத்துட்டுத்தான் பைப்ப அறுப்போம்.”

நான் அவர் காலை மிதித்தேன்.

(டாக்டரைத் திமிர் பிடித்தவராக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவர் சிரிக்காமல் அதைக் குறித்துக்கொண்டார்.)

அது ஆபரேஷனுக்குச் சம்மதப் படிவம். அதன் கடைசி வரி: ‘எல்லாம் எனக்கு என் தாய்மொழியில் விளக்கப்பட்டது.’ அது மராத்தியில் இருந்தது. நர்ஸ் அதை இந்தியில் விளக்கினார். செல்வம் பேனாவை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, போடட்டா?”

“போடுங்க” என்றேன்.

ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டார்.

3

ஆபரேஷனில் திறந்து பார்த்தபோது உள்ளே உண்மையிலேயே ஒரு குழாய் இருந்தது. கழுத்தின் இடப்பக்கத்திலிருந்து இறங்கும், ஸ்கேனில் தெரியாத ஒன்று. டாக்டர் அதைக் கண்டுபிடித்துச் சமாளித்தார். தையலும் சரியாகவே அமைந்தது. மூன்றாம் நாள் நுரையீரலில் அழுத்தம் ஏறியது. இறங்கவில்லை.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லே” என்றார் டாக்டர். நான் நம்புகிறேன். கதைதான் நம்ப மறுக்கிறது. இரண்டாம் பகுதியில் காட்டிய குழாய் மூன்றாம் பகுதியில் வெடித்தாக வேண்டுமாம்.

துக்கம் கேட்க வந்த வானமாமலை மாமாவும் கதையின் கட்சி. செல்வத்தின் முதுகில் தட்டினார். “டாக்டருக்கே தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருக்கே! பெரிய ஆளுதாம்லே நீ!”

செல்வம் இப்போதெல்லாம் வால்வை அடைத்த பிறகு, தண்ணீர் நின்றும் குழாயை அறுக்காமல் உட்கார்ந்திருக்கிறாராம். கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்.

4

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ. செல்வம் “போடட்டா?” என்றதும் “வேண்டாம்” என்கிறேன். வீட்டுக்குத் தூக்கி வருகிறோம். அதற்குப் பிறகு [டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.]

ஆ. அவளுக்கு இப்போது எட்டு வயது. தமிழ் வாசிக்க வராது, அதனால் இந்தக் கதையை நானே அவளுக்கு

இ. எல்லாவற்றையும் உங்கள் தாய்மொழியிலேயே விளக்கிவிட்டேன். செல்வம் பேனாவோடு திரும்புகிறார். இந்த முறை உங்கள் பக்கம்.

“போடட்டா?”