சின்னச்சாமியின் பதினேழு பவுண்டு

மூன்று மாதமாகச் சின்னச்சாமி அதே பதினேழு பவுண்டு. இரண்டு வயதுப் பையன். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. மாதம் ஒருமுறை விருதுநகரிலிருந்து ஆனைக்குட்டத்துக்கு பஸ் ஏறி வந்து, வேப்பமரத்தில் தராசைத் தொங்கவிட்டுக் குழந்தைகளை நிறுக்கிற நர்ஸ் நான், ஞானஜோதி. முள் ஏறாவிட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அன்றைக்கு அவன் அம்மா குருவம்மாள் மேல் வந்தது.

"அடுத்த மாசமும் இப்படியே இருந்தா பெரியாஸ்பத்திரியிலதான் சேக்கணும். பிள்ளை பிழைக்கணுமா வேண்டாமா? சோறு போடுறியா, இல்லையா?"

"சத்தியமா ஊட்டுறேன் நர்சம்மா. ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறதில்ல."

நான் நம்பவில்லை. "வா, என் கண் முன்னால ஊட்டு" என்று அவள் வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.

கம்மங்கஞ்சிக் கிண்ணத்தைக் கண்டதும் பையன் ஓட்டம் எடுத்தான். அவள் ஒரே எட்டில் பிடித்து, முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, மூக்கைப் பொத்தினாள். வாய் திறந்தது. ஒரு வாய் இறங்குவதற்குள் அடுத்த வாய். தீப்பெட்டிக் கம்பெனியில் கட்டை அடுக்குகிறவள் அவள். மரச்சட்டத்தில் ஒரு பள்ளம்கூட விடாமல் தீக்குச்சியைச் செருகும் அதே விரல்கள், அதே வேகம். இரண்டே நிமிடத்தில் கிண்ணம் காலி. பெருமையாக என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனையும் வெளியே வந்துவிட்டது.

"கக்குறியாலே!" என்று கையை ஓங்கினாள்.

"நிறுத்து! யாரு உன்னை இப்படி ஊட்டச் சொன்னது?"

"நீங்கதான? முழுக் கிண்ணமும் உள்ள போகணும்னு அன்னைக்கு அம்புட்டுப் பேருக்கும் முன்னால கத்துனீக."

மூன்று மாதத்துக்கு முன்னால் நான் போட்ட சத்தம்தான் அந்தப் பிஞ்சின் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

"தப்பு என் பேர்லதான், குருவம்மா. இனி ஊட்டாத. கிண்ணத்தை அவன் முன்னால வச்சிட்டு நீயும் கூட உக்காந்து சாப்பிடு. கொட்டுனா கொட்டட்டும். போதும்னா விட்டுரு."

"கம்பெனிக்கு நேரமாயிருமே!"

வாசலில் நின்ற அவள் புருஷன் முத்துக்கருப்பன், "காலையில அடுப்பை நான் பாத்துக்கிடுதேன். நீ பிள்ளைகூட உக்காரு" என்றான்.

அடுத்த மாதம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஊரே மரத்தடியில் கூடியிருந்தது. தராசுத் தூளியில் உட்கார வைத்ததும் சின்னச்சாமி உதைத்தான் பாருங்கள்! முள் பதினாறுக்கும் இருபதுக்கும் இடையில் துள்ளியது. குருவம்மாளின் கை அடிக்க மேலே போனது. பாதியில் தானே இறங்கிக்கொண்டது. கால் ஓய்ந்தது. முள் நின்றது.

"பதினெட்டரை!" நர்ஸ் என்பதையும் மறந்து குதித்தேன். பெண்கள் குலவை போட்டார்கள். குருவம்மாள் மட்டும் தராசையே பார்க்கவில்லை. மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவளின் கண்ணில் பொலபொலவென்று நீர்.

"அடியே, முள்ளைப் பாரு! எம்புட்டு ஏறியிருக்கு!"

"அது கெடக்கட்டும் நர்சம்மா. நேத்து நான் கிண்ணத்தை எடுத்தேன், ஓடியாந்து எம் மடியில உக்காந்துட்டான். மூணு மாசமா என்னையக் கண்டா ஓடி ஒளிஞ்ச பிள்ளைம்மா!"