மாரப்பன் யாரைப் பின்தொடர்கிறார்?

மணி பத்து முப்பத்தெட்டு. ஹாரிகாவின் ஸ்க்ரீனில், வரவே கூடாத ஒரு பெயர் வந்து உட்கார்ந்திருந்தது.

மாரப்பன்.

'செருப்பை வெளியே வரிசையாக விடவும்' என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்திருந்தார். பீளமேட்டில் அந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்கு அவர்தான் இன்சார்ஜ். ஏ.சி.கூட அவருக்குப் பயந்துதான் ஓடுகிறது என்று எம்.சி.ஏ. மாணவர்கள் நம்பினார்கள்.

ஹாரிகாவின் ப்ராஜெக்ட், லேபுக்குள் ஓடும் செய்திப்பலகை. நேற்று வரை எல்லோர் எழுத்தும் எல்லோருக்கும் வந்தது. இனி அவரவர் பின்தொடரும் ஆட்களின் எழுத்து மட்டுமே வர வேண்டும். ஒரு வாரமாக எல்லோரும் தங்கள் பட்டியலைப் பதிந்துவிட்டார்கள். அந்த ஆட்களைத் தேடி எடுக்கும் க்வெரியை நேற்று சாயங்காலம் எழுதி, தோழி ரிஃபானாவோடு சோதித்தும் பார்த்தாயிற்று. அட்டகாசமாக ஓடியது.

இப்போது? அவள் பின்தொடரும் வகுப்புத்தோழி கோமளாவைக் காணோம். பின்தொடராத மாரப்பன் இருக்கிறார்!

பதினோரு மணிக்கு ப்ராஜெக்டுக்கு மார்க் போட வெளிக் கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் நரசிம்மலு வருகிறார். அவர் முன்னால் இது ஓடாவிட்டால், ஆறு மாதம் கழித்து ஜூனியர்களோடு மறுபடியும் பரீட்சை.

"ரிஃபு, இந்தாளு சர்வர்ல புகுந்து என்னமோ பண்ணிப்போட்டாருடி!"

"இருக்கும். சாவி அவருகிட்டத்தானே இருக்குது."

ஹாரிகா நேராக அவர் மேஜைக்குப் போனாள். "ஏனுங்க சார், என்ற ப்ரோக்ராம்ல கை வெச்சீங்களா?"

மாரப்பனின் காது சிவந்தது. "பேரு சேர்த்தது தப்புங்களா அம்மணி? எல்லாரும் பட்டியல் போட்டாங்க, நானும் போட்டேன்."

"யாரு பேருங்க?"

"உன்ற பேருதான்." குரல் பாதாளத்துக்கு இறங்கியது. "தெனமும் எட்டு வரி எழுதறியே, மில்லு கொலைக் கதை... அதுக்குத்தான்."

பளிச்!

இவர் அவளைப் பின்தொடர்கிறார். அவள் இவரை அல்ல. அப்படியென்றால் க்வெரி தலைகீழாக ஓடுகிறது!

பாய்ந்து வந்து திறந்தாள். பின்தொடர்வோர் டேபிளில் இரண்டே பத்திகள். இடது பக்கம் பின்தொடர்பவர், வலது பக்கம் அவர் பின்தொடரும் ஆள். இடப்பக்கத்தில் தன் பெயரைத் தேடி, எதிரே இருப்பவர்களை எடுக்க வேண்டும். அவளோ வலப்பக்கத்தில் தேடி, இடப்பக்கத்து ஆட்களை எடுத்திருந்தாள்.

"அப்புறம் எப்படிடி நேத்து ஓடுச்சு?"

"நான் உன்னைப் போட்டேன், நீ என்னைப் போட்டே. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நாமதானே வருவோம், லூசு!"

வராந்தாவில் காலடிச் சத்தம். நரசிம்மலு! பத்து நிமிடம் முன்னதாகவே!

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் அவர நிறுத்துங்க!"

"கதையில அந்த மில்லு மேனேஜரைச் சுட்டது யாருன்னு சொல்லுவியா?"

"சொல்றேனுங்க!"

மாரப்பன் வாசலை அடைத்து நின்றார். "வாங்க சார். ஷூவைக் கழட்டிப்போடுங்க."

"ஷூவுமா?"

"யாரா இருந்தாலும்ங்க. சாக்ஸும்தானுங்க, தூசி ஆகாது. அந்தக் கயித்தை உள்ளார மடிச்சு வெச்சிருங்க. இல்லீங்க, வரிசையா."

உள்ளே ஹாரிகாவின் விரல்கள் பறந்தன. இரண்டு பத்திகளும் இடம் மாறின. ஓட்டினாள். கோமளா வந்தாள். மாரப்பன் மறைந்தார்.

வெறுங்காலோடு வந்த நரசிம்மலு, புதிதாக ஒரு கணக்குத் திறந்து ஹாரிகாவை மட்டும் பட்டியலில் சேர்த்தார். அவள் எழுதியவை மட்டும் வரிசையாக வந்தன. படித்தார். அடுத்ததைப் படித்தார். கடைசி வரிக்கு வந்தும் மவுஸை இன்னும் கீழே உருட்டிப் பார்த்தார்.

"க்வெரி சுத்தமா இருக்கும்மா. பாஸ்." கண்ணாடியைக் கழற்றினார். "ஆமா, அந்த மேனேஜரை..."

வாசலிலிருந்து மாரப்பன் குரல்: "சார், நான் முன்னாடியே கேட்டு வெச்சிருக்கேனுங்க. எனக்கப்புறந்தான் நீங்க."

ஹாரிகா ரிஃபானாவைப் பார்த்தாள். ரிஃபானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சுட்டது யாரென்று ஹாரிகாவுக்கே இன்னும் தெரியாது.