நல்லாத்தானுங்க இருக்குது

எங்கள் பக்கத்து மனிதர்களிடம் ஒரு பொருளைக் கொடுத்து எப்படியிருக்கிறது என்று கேட்பதைப் போல வீண் வேலை உலகத்தில் வேறில்லை. எதைக் கொடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். நானும் திருச்செங்கோட்டுக்காரிதான், அதனால் சொல்லலாம்.

கோழிப்பண்ணைகளில் தீவன வண்டியை ஓட்டும் தொடுதிரையை வடிவமைப்பது என் வேலை. பட்டனைத் தொட்டதும், பதிந்துவிட்டது என்று விரலுக்குச் சொல்ல உள்ளே ஒரு குட்டி மோட்டார் அதிரும். அந்த அதிர்வை அமைக்க எட்டு மாதம் ஆயிற்று. திங்கட்கிழமை இருநூறு திரைகள் தயாரிப்புக்குப் போகின்றன. அதன்பிறகு எதையும் மாற்ற முடியாது.

நாமக்கல் பக்கம் செங்கோட்டையன் அண்ணன் பண்ணையில்தான் சோதனை. அதிர்வு தெரிகிறதா என்று மூன்று வாரமாகக் கேட்டேன். மூன்று வாரமும் ஜம்மென்று தெரிகிறது என்றார். ஆனால் அவர் பட்டனை இரண்டு தடவை தொடுவதை வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டேன். வண்டி கிளம்ப நான்கு விநாடி ஆகும். அதற்குள் மறுபடி தொட்டால் நின்றுவிடும். வண்டி நகரவில்லை, கோழிகள் பசியில் கத்தின. அவர் கோழிகளைத்தான் திட்டினார், என் திரையை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் போன் பேச வெளியே போன நேரத்தில் மோட்டாரின் ஒயரைக் கழற்றிவிட்டேன். திரும்பி வந்தவரிடம், இப்போது தொட்டுப் பாருங்கள் என்றேன். தொட்டார்.

"நேத்தைக்கு இன்னைக்கு நல்லாவே அதிருதுங்க அம்மிணி."

ஒயரைக் காட்டினேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே சங்கடமாக இருந்தது.

"இத்தன தூரம் வந்து பாடுபடுறீங்க. இல்லீன்னு சொன்னா மனசு நோகுமேன்னுதானுங்க" என்றார். காய்த்துப்போன விரல்கள். முதல் நாளிலிருந்தே ஒன்றும் தெரியவில்லையாம்.

எட்டு மாத வேலை! ஒயரை மாட்டினேன், அதிர்வை உச்சத்துக்கு ஏற்றினேன், மறுபடி தொடச் சொன்னேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன கருமம் புள்ள இது, தேள் கொட்டுனாப்புல. பாதியாக் கொறை."

குறைத்தேன். இன்னும் குறை என்றார். பட்டன் சின்னது, எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, இதையெல்லாம் யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது என்று சாயங்காலம் வரை பெற்ற மகளைத் திட்டுவது போலத் திட்டினார். நான் சிரித்த முகத்தோடு ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன்.