மூன்று பேர் தண்ணீர் ஊற்றிய கொடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அக்காவின் அறையில் தேங்காய் நார் சுற்றிய கம்பைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்த கொடியை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கொன்றுவிட்டோமோ என்ற பயம். [‘கொன்றுவிட்டோம்’ என்றுதான் எழுதியிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, “வீட்டுக்குப் புள்ள வரப்போற நேரத்துல என்ன வார்த்த இது, மாத்து” என்றாள். மாற்றினேன்.]

2

தொடங்கிப் பார்த்தவை:

கிளம்பும்போது அக்கா அந்தக் கொடியைத் தடவிக்கொடுத்து, கண்கலங்கி —

(பொய். அக்கா படித்தால் சிரிப்பாள்.)

எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார். போன தடவையும் இப்படித்தான், ஆறாம் மாதத்தில் அந்தக் குழந்தை தங்காமல் —

(இதை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே கிடக்கட்டும்.)

3

கிளம்பும்போது உண்மையில் அவள் சொன்னது இவ்வளவுதான்: “மண்ணுல விரல விட்டுப் பாரு. காஞ்சிருந்தா மட்டும் தண்ணி ஊத்து.”

தினமும் மாலையில் வீடியோவில் கூப்பிடுவாள். டாக்டர் சொன்னதைச் சொல்வதற்கு முன்பே, “புது இலை விட்டுச்சா?” என்று கேட்பாள். கொடி நன்றாக இருந்தால் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்கும் என்று அவளும் சொன்னதில்லை, நாங்களும் சொன்னதில்லை. ஆனால் எல்லோரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதனால் காலையில் நான் ஊற்றினேன். அக்காவின் கணவர், என் மாமா, அச்சகத்தில் வேலை பார்ப்பவர். கவலை வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. வேலை விட்டு வந்ததும் அவர் ஊற்றினார். நடுவில், ‘இதுங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது’ என்று அம்மா தன் பங்குக்கு ஒரு செம்பு. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கீழ் இலைகள் மஞ்சளாயின. தாகம் என்று நினைத்து மூன்று பேருமே இன்னும் கொஞ்சம் கூட்டி ஊற்றினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கையில் தண்ணீரோடு அந்த அறையில் முட்டிக்கொண்டோம்.

“நீயுமா?” என்றார் மாமா.

“நீங்களுமா மாப்ள?” என்றாள் அம்மா.

தொட்டியைக் கவிழ்த்தோம். அழுகல் நாற்றம் அடித்தது. வேரைத் தொட்டால் கையோடு வந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது எங்கள் மூவருக்குமே தெரிந்த பழமொழிதான். தெரிந்து என்ன பிரயோஜனம்?

4

உச்சியில் கெடாமல் இருந்த ஒரே ஒரு கணுவை வெட்டி, கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினோம். வேருக்கு இருட்டுதான் பிடிக்கும் என்று மாமா அச்சகத்துப் பழுப்புக் காகிதத்தை அதைச் சுற்றி ஒட்டினார். அத்தோடு நின்றிருக்கலாம். அதே ஜாடையில் வேறொரு கொடியை நர்சரியில் வாங்கிவந்து, அதே தொட்டியில், அதே கம்பில் கட்டிவைத்தார். அதைத்தான் அக்காவுக்குக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு” என்றாள்.

5

முடிவுகள்.

ஒன்று: கணுவில் வெள்ளையாக வேர் விடுகிறது. அக்கா கையில் குழந்தையோடு — (அம்மா: “இதையே வச்சுக்கோ. வேற யோசிக்காத.”)

இரண்டு: கணுவும் அழுகி —

இரண்டாவதை அடித்துவிட்டேன். எழுதினால் பலித்துவிடுமோ என்று பயம். பகுத்தறிவெல்லாம் பேசுகிறவள்தான் நான். இந்த விஷயத்தில் மட்டும் பேச்சு வரவில்லை.

6

இன்று மாலை அக்கா கூப்பிட்டாள்.

“அது நம்ம செடி இல்ல. அன்னிக்கே தெரியும்.”

மாமா சுவரைப் பார்த்தார்.

“வெட்டி எதுலயாவது வச்சிருப்பீங்கல்ல? அதக் காட்டு.”

“காகிதத்த இன்னும் பிரிக்கலக்கா. நாங்க ஒரு தடவ பாத்துட்டு...”

“பாத்துட்டு, மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டு, அப்புறம் எனக்குச் சொல்வீங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “போன தடவ என் குழந்தை போனது உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்குற அம்மாவுக்குக்கூடத் தெரிஞ்சிருந்துச்சு. கடைசியா தெரிஞ்சவ நான்தான்.”

அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் மறைத்தோம்.

இப்போது ஒரு கையில் செல்போன், மறு கையில் புட்டி. (இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது எப்படி எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள்.) அம்மாவும் மாமாவும் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறார்கள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரலால் தடவித் தடவிக் காகிதத்தை உரிக்கிறேன். அந்தப் பக்கம் அக்கா மூச்சை உள்ளே இழுப்பது கேட்கிறது.

வேர் விட்டிருக்கிறதா? எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இப்போது உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை முதலில் அவள் பார்க்கட்டும்.