பஸ் முந்திப்போன நாட்கள்

கிட்ட வாங்க கண்ணுகளா, கம்பளியை நல்லா இழுத்துப் போர்த்திக்குங்க. ஒரு சங்கோட கதை சொல்றேன். கோயில் சங்கில்லை, டீ ஃபாக்டரியில வேலை நேரத்துக்கு ஊதற சங்கு. கேட்கக் கேட்க அடிவயிறு சில்லிடும். சில்லிடட்டும், நான் பக்கத்துலதான் இருக்கேன்.

மஞ்சூருக்குக் கீழே எங்கள் ஃபாக்டரி. தேயிலை விலை விழுந்து, சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொன்றாகக் கதவு மூடிக்கொண்டிருந்த வருஷம். பொன்ராஜ் அண்ணன் புளிக்கவைக்கும் அறையில் மேஸ்திரி. அரைத்த இலையைத் தரையில் பரப்பி, பச்சை செம்பு நிறமாகிற பதத்தில் டிரையருக்கு அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் ஒரு பிடி அள்ளி முகர்ந்துதான் "எடுங்க" என்பார். கம்ப்யூட்டர் வந்ததும் மேனேஜர் லெஸ்லி துரை, "மூக்கெல்லாம் வேண்டாம். சரியா ஒரு மணி நேரத்துல பெட்டி மணியடிக்கும், அப்ப எடு" என்றுவிட்டார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். அண்ணன் முகர்வதையே நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம்தான் தூள் கெட ஆரம்பித்தது. சில நாள் நன்றாக வரும், சில நாள் அளவுக்கு மீறிப் புளித்து, குன்னூர் ஏலத்தில் கேட்பாரில்லாமல் கிடக்கும். சங்கு ஊதியதும் துரை வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரம் காட்டின. "மணியடிச்சும் தூங்கியிருக்கே. இன்னொரு தடவை கெட்டா வீட்டைக் காலி பண்ணிரு."

அண்ணன் மகள் கலைமதிக்குக் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவு போட்டு ஓடிவந்தாள். இரண்டு பகல் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்து, மணியடிக்கும் புரோகிராமை வரிவரியாகப் படித்தாள். ஒரு குறையும் இல்லை. கடைசியில் கேட்டேவிட்டாள்: "அப்பா, நெசமாவே நீங்க தூங்கலீங்களே?"

அண்ணன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியலியே அம்மிணி. வாசம் எடு எடுங்குது, மணி அடிக்கமாட்டேங்குது. எனக்குத்தான் புத்தி பெசகிருச்சோன்னு பயமா இருக்குது."

நான் அங்கே தூள் சலிப்பவள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், டீயை வைத்துவிட்டுச் சும்மா எதையோ பேசினேன். "பஸ்காரனைத்தான் நாலு போடணும் கண்ணு. கொழுந்து குவியற நாளாப் பாத்து, அஞ்சரைச் சங்குக்கு நிக்கிற வண்டிய முன்னாடியே எடுத்தர்றான். சங்கு ஊதி நாங்க ஓடினா பொகைதான் நிக்குது."

கலைமதி டம்ளரைத் தொடவில்லை. "கொழுந்து குவியற நாள்ல மட்டுமா அத்தை?"

சங்கை ஊதுவதும் அதே பெட்டிதான். துரையின் கைக்கடிகாரம் உட்பட எஸ்டேட் முழுக்கச் சங்கைக் கேட்டுத்தான் நேரம் வைப்பது. வாட்ச்மேன் ஆறுக்குட்டியிடம் போய் சுவர்க் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டாள்.

"அது கெழடு அம்மிணி. சாயங்காலம் முந்தி ஓடும், இழுத்து வெப்பேன். காலைல பிந்தி நிக்கும், தள்ளி வெப்பேன். கம்ப்யூட்டர் வந்த நாள்லயிருந்து ஒவ்வொரு சங்குக்கும் நாந்தான் அதுக்கு வைத்தியன்" என்று பெருமையாகச் சிரித்தார். கலைமதி நேராகப் பெட்டியிடம் ஓடினாள்.

அவள் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். பெட்டிக்குள் டைமர் என்று ஒரு சில்லு. நொடிக்கு நூறு தடவை கதவைத் தட்டும். கெர்னல் என்கிற உள்மூளை அந்தத் தட்டலை எண்ணித்தான் நேரம் சொல்லும். ஆனால் கொழுந்து எடை பதிவாகும்போதெல்லாம், டிஸ்கில் எழுதி முடிக்கும்வரை அது காதைப் பொத்திக்கொள்கிறது. அந்நேரம் தட்டியது எண்ணிக்கையில் வராது. கொழுந்து கூடினால் எழுத்தும் கூடும், ஒரு மணி நேரம் ஒன்றேகால் மணியாக நீளும். பஸ் முந்தவில்லை, சங்குதான் பிந்தியது; சரியாக ஓடிய கடிகாரத்தைத்தான் ஆறுக்குட்டி அதற்கேற்ப இழுத்து வைத்திருக்கிறார். காலையில் பெட்டியைப் போட்டால் உள்ளே பாட்டரியில் ஓடும் நேரத்தைப் பார்த்து மறுபடி சரியாகிவிடும்.

"காதைப் பொத்தாதேன்னு சொல்லிரு."

"சொல்லலாம் அத்தை. இந்தப் பழைய டிஸ்க் தாங்குமான்னுதான் தெரியல. தாங்கலைன்னா எழுதினது பூரா அழிஞ்சு பெட்டியே படுத்துரும்." விசைப்பலகையைக் கிட்ட இழுத்தாள். அந்தக் கட்டளையைத் தட்டினாள்.

துரை எல்லாம் கேட்டுவிட்டு, "நாளைக்குக் கொழுந்து குவியும். கடிகாரத்தை எவனும் தொடக்கூடாது. மணியும் முள்ளும் ஒண்ணா நின்னா நம்பறேன். இல்லேன்னா அப்பனோட நீயும் மூட்டை கட்டு" என்றார்.

மறுநாள் கொழுந்து மலையாகக் குவிந்தது. நாலரைக்குக் கடைசி இலையைப் பரப்பினோம். தராசு இறங்க இறங்கப் பெட்டி கரகரவென்று எழுதியது. ஒவ்வொரு கரகரப்புக்கும் கலைமதியின் தோள் தூக்கிப்போட்டது. ஜன்னலை மூடுபனி அடைத்திருந்தது. ஆறுக்குட்டி தன் கையை நம்பாமல் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

மாசக்கணக்கில் செய்யாததை அண்ணன் அன்றைக்குச் செய்தார். ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி, முகர்ந்தார்.

"எடுங்க" என்றார்.

துரை அசையவில்லை. அஞ்சரையைத் தொட முள்ளுக்கு இன்னும் ஒரு கோடு பாக்கி. பெட்டியிடம் சத்தமில்லை. கீழே வளைவில் அஞ்சரை பஸ் ஹார்ன் அடித்தது. நாங்கள் எல்லோரும் பெட்டியைப் பார்த்தபடி நிற்க, அண்ணனின் விரிந்த உள்ளங்கையில் செம்பு நிற இலை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

பத்திரமாப் போய்ட்டு வாங்க கண்ணுகளா. உங்க ஊட்டு உலை நேரத்துக்குக் கொதிக்கட்டும். வேலைக்குப் போனவங்க விளக்கு வைக்கிறதுக்குள்ள வாசல் மிதிக்கட்டும். உங்க மூக்கு சொல்றதை நம்ப, ஊட்டுல ஒருத்தராவது எப்பவும் இருக்கட்டும்.