பொங்கல் பாப்பா, பதினாறு பக்கம்

செல்வலட்சுமி அப்பாவின் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் பொங்கல் பானையை இறக்கிவைக்க ஆளில்லை. அது அடுப்பிலேயே கிடந்து அடிப்பிடித்து, கருகிய வெல்ல வாசம் உள்ளறை வரைக்கும் வந்துவிட்டது. அண்ணன் ராக்கப்பன் புது வேட்டியோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமனாருக்கு ஒரு வாய் பொங்கல் ஊட்டலாமென்று கிண்ணத்தோடு வந்த அவன் மனைவி பூங்கொடிதான் முதலில் பார்த்துக் குரல் கொடுத்தவள்.

"எப்பம்மிணி போனாரு?" என்றான் ராக்கப்பன்.

"இப்பத்தானுங்ணா. புள்ளைக பொங்கலோ பொங்கல்னு சத்தம் போட்டாங்கல்ல, அப்ப."

பூங்கொடி குனிந்து மாமனாரின் சில்லிட்ட பாதத்தைத் தொட்டாள். தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டு செல்வலட்சுமியை ஒருமுறை பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்றுதான் தோன்றியது. அவள் கேட்கவில்லை. கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு ஓங்கி அழ ஆரம்பித்தாள்.

செல்வலட்சுமி சொன்னது பொய். அப்பா போனது ஆறே காலுக்கு, வெளியே இருட்டு முழுசாக விலகாத நேரத்தில். பானை பொங்கியது ஏழு மணிக்கு. நடுவில் இருந்த முக்கால் மணி நேரமும் அவள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அப்பாவைக் கழுத்துவரை போர்த்திவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை.

அவளை எருத்தேன்பதியில் கட்டிக் கொடுத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. அப்பா படுக்கையில் விழுந்து மூன்று மாதம். பண்டிகை வேலையில் அண்ணன் வீட்டார் திண்டாடுவார்களே என்று நாலு நாள் முன்னால்தான் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தாள். வந்த நாள்முதல் மலம் அள்ளியது, புண்ணுக்கு மருந்து போட்டது, கஞ்சி ஊட்டியது எல்லாம் அவள்தான். இன்று விடியற்காலையில் அப்பா கண்ணைத் திறந்தார். ஏதோ சொல்ல வாயசைத்தார். அவள் காதைக் கொண்டுபோனாள்.

"தன்சிகாவக் கூப்புடு."

தன்சிகா அண்ணன் மகள். ஆறு வயது. கிணற்றடியில் பூங்கொடி அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சுடுது சுடுது என்று குழந்தை கத்துவது அறைக்குள் நன்றாகக் கேட்டது.

"தூங்குதுங்கப்பா," என்றாள் செல்வலட்சுமி.

அப்பா கதவைப் பார்த்தபடியே இருந்தார். பார்த்தபடியே மூச்சு நின்றது.

சென்னிமலை என்ற பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பாப்பா புக்குக்காரர் என்றால் பொள்ளாச்சி வரைக்கும் தெரியும். அங்கே ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த மனுஷன், மிச்சக் காகிதத்தில் தானே பாட்டெழுதிப் படம் போட்டுக் குழந்தைகளுக்குப் புத்தகம் அடிக்கத் தொடங்கினார். பொங்கல் பாப்பா, தீபாவளிப் பாப்பா, ஓணம் பாப்பா, கிறிஸ்துமஸ் பாப்பா. எல்லாம் பதினாறு பக்கம், நடுவில் இரண்டு கம்பிப் பின். பண்டிகை நாளில்தான் பஸ்ஸில் பிள்ளைகுட்டிகளோடு ஜனம் ஏறும், அன்றைக்குத்தான் விற்கும். ஆகவே வருடம் பூராவும் வீட்டில் இருந்துவிட்டு, ஊரே வீட்டில் இருக்கும் நாளில் அவர் மட்டும் பஸ் ஸ்டாண்டில் இருந்தார். பஸ் பஸ்ஸாக ஏறி, தொண்டை கட்டும்வரை பாடினார்.

கூரை மேலே காப்புக் கட்டு,
கோலம் மேலே பூவை நட்டு,
அப்பா தோளில் ஏறிக்கிட்டு
ஆடும் பானை பாரு, சிட்டு!

இந்தப் பக்கத்தின் படத்தில் மீசை வைத்த அப்பா, இரட்டைச் சடைப் பாப்பாவைத் தோளில் தூக்கி வைத்திருப்பார். மீசை சாட்சாத் சென்னிமலையின் மீசை. அந்தப் பாப்பா நீதானே என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவாள்.

ஏழு வயதில் ஒரு தீபாவளி. புஸ்வாணப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கொளுத்த வந்தபோது விடவில்லை. புத்தகத்தில்தான் எழுதியிருக்கிறதே:

புஸ்புஸ் என்று புஸ்வாணம்,
போய்த் தொட வேணாம், வேணாம், வேணாம்!
அப்பா வந்து கொளுத்தும் வரைக்கும்
ஆசைப் பாப்பா, அழ வேணாம்!

அவள் அழாமல்தான் இருந்தாள். அப்பா வந்தது மறுநாள் காலையில். பெட்டி பனியில் நமுத்துப் போயிருந்தது. "அத்தனையும் வித்துப்போச்சு கண்ணு," என்று காலிப் பையை உதறிக் காட்டினார். அந்தச் சந்தோஷ முகத்தை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது, பாட்டைப் போனே பாடியது. விற்காத கட்டுகள் கட்டிலுக்கடியில் சேர்ந்தன, அப்பா பண்டிகைக்கு வீட்டில் இருக்க ஆரம்பித்தார். போன பொங்கலுக்கு அண்ணன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். எழுபத்தைந்து வயசுக் கிழவர் மூச்சு வாங்க வாங்க தன்சிகாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பாடுகிறார். பாட்டிலும் கைவைத்து, அப்பாவைத் தாத்தாவாக்கிவிட்டார்: அப்பாரு தோளில் ஏறிக்கிட்டு. செல்வலட்சுமி அதை எத்தனை தடவை பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. அண்ணனுக்கு மட்டும் பதில் போடவில்லை.

காலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எதற்காக? குழந்தை பொங்கலைப் பார்த்துவிடட்டும் என்றுதான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. மீதி என்னவென்று அவளுக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு அப்பாவின் அக்கா சுப்பாத்தாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தம்பியின் தலைமாட்டில் ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, வாசலில் அடுப்பையும் பானையையும் பார்த்தாள்.

"தை ஒண்ணுல போய்ச் சேந்துட்டானேடா ராக்கப்பா. இனிமே இந்த ஊட்ல பொங்கலில்ல."

"ஒரு வருசந்தானுங்கத்தை?"

"ஒரு வருசமா? பண்டிகையன்னிக்குச் சாவு உளுந்தா அந்தப் பண்டிகை நின்னேபோச்சு. தை ஒண்ணுல இந்த ஊட்ல ஒரு புள்ள பொறக்கோணும், இல்லீன்னா மாடு கன்னு போடோணும். அப்பத்தான் மறுக்கா எடுக்கறது. பொளுது கெளம்பறதுக்கு முந்திப் போயிருந்தான்னா நேத்துக் கணக்கு. ஒண்ணுமில்ல."

"செல்விக்குமுங்களா?"

"கட்டிக்குடுத்த புள்ளைக்கு எதுக்கு? கொள்ளி வெக்கிறவனுக்குத்தான்."

ராக்கப்பன் மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தான். இரண்டு ஜோடி மாடும் நாலு ஏக்கர் நிலமும் வைத்திருக்கிறவனுக்குத் தை மாதத்தில் வேறென்ன இருக்கிறது? மறுநாள் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடிக்கப் பச்சையும் சிவப்புமாகச் சாயம் வாங்கி வைத்திருந்தான்.

பதினோரு மணிக்குச் சூசையப்பன் வந்தார். கடைகளுக்குப் போர்டு எழுதுகிற பெயிண்டர், பாப்பா புத்தகங்களுக்கெல்லாம் படம் போட்டவர். கண்பார்வை மங்கிப்போய், சுவரைத் தடவிக்கொண்டு வந்து செல்வலட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்கப்பன் மாதிரி ஆளு கெடையாதும்மிணி. தோள்ல தூக்கற படம் இருக்குதுல்ல, அதுக்கு அரை நாள் அப்படியே நின்னாரு. புள்ளையக் கூட்டிட்டு வாய்யா, பாத்துப் போடறேன்னேன். அதுக்கெல்லாம் நேரமில்லைன்னுட்டு, என்னோட கடையில கெடந்த தலகாணியத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டாரு."

"தலகாணியா?"

"ஆமா. கீள உளுந்துருமுன்னு அதையும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு பாரு, எனக்குச் சிரிப்புத் தாங்கல. சடையெல்லாம் நானா வரஞ்சதுதான்." பழைய நினைப்பில் அவர் முகம் மலர்ந்தது. "நீயெல்லாம் குடுத்து வெச்ச புள்ள."

படத்தில் இருப்பது தான் இல்லை என்று செல்வலட்சுமிக்கு எப்போதோ தெரியும். தலையணை என்பது மட்டும்தான் தெரியாது. காபி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போனாள்.

மாட்டுக் கொட்டகையில் ராக்கப்பன் அவளுக்காகவே காத்திருந்தவன்போல நின்றான். கண் சிவந்திருந்தது.

"அம்மிணி, நீ ஒருத்திதான் பக்கத்துல இருந்தே. பொளுது கெளம்பறதுக்கு முந்தியே போயிட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லீரு. தூங்கறாருன்னு நெனச்சுட்டேன்னு சொல்லு. தெரியாம நடந்த தீட்டுக்குத் தண்ணி தெளிச்சாப் போச்சுன்னு அத்தையே சொல்றாங்க."

இதைவிடச் சுலபமாக ஒரு வழி யாருக்கும் கிடைக்காது. அண்ணன் பொய் என்று நினைத்துக் கேட்பது அத்தனையும் நிஜம். ஆமாங்ணா என்று தலையாட்டினால் போதும். குழந்தைக்குப் பொங்கல் தங்கும், யாரும் அவளை ஒரு சொல் சொல்லப்போவதில்லை.

"தன்சிக்குட்டிக்காகக் கேக்கறேன். அப்பாவுக்கும் அவளுன்னா உசுரு."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"செத்தவரு மேல பொய் சொல்லச் சொல்றீங்களாணா?" வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "நல்லா வெய்யலடிக்குது, பானை பொங்குது, அப்பத்தான் போனாரு. நான் கண்ணால பாத்தேன்."

சுப்பாத்தாள் எட்டிப் பார்த்தாள். ராக்கப்பன் தலையைக் குனிந்துகொண்டு மாட்டின் முதுகைத் தடவினான். அவமானம் அவன் கழுத்துவரை ஏறியதை அவள் பார்த்தாள். சமையலறை வாசலில் நின்ற பூங்கொடி மட்டும் குனியவில்லை. நேராக அவளைப் பார்த்தாள், காலையில் பார்த்த அதே பார்வை. அதற்கும் மேலே ஒரு வார்த்தை அவளிடமிருந்து வரவில்லை. மாமனார் முன்னாலேயே போயிருந்தால், பிணத்தை உள்ளே வைத்துக்கொண்டு சூரியனுக்குப் படைத்தது அவள் கைதானே.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அடிப்பிடித்த பொங்கலை மாட்டுக்கும் வைக்கக்கூடாது என்று சுப்பாத்தாள் சொல்லிவிட்டதால், பூங்கொடி அதைத் தோட்டத்து மூலையில் குழிதோண்டிக் கொட்டினாள். பானையையும் அங்கேயே கவிழ்த்தாள்.

"காப்பையும் எடுத்துருங்க," என்றாள் சுப்பாத்தாள். "ஆம்பளைக வாரதுக்குள்ள எடுத்துருங்க."

வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து முந்தின நாள் மாலை ராக்கப்பன் கூரை விளிம்பில் செருகியிருந்த கொத்து, வெயிலில் லேசாக வாடியிருந்தது. செல்வலட்சுமி எக்கிப் பார்த்தாள். கை எட்டவில்லை. ஏணி சுடுகாட்டுக்குப் போன வண்டியில் இருந்தது.

"என்னத் தூக்குங்கத்தை, நா எடுக்கறேன்."

தன்சிகா பக்கத்தில் வந்து நின்றாள். பொங்கலுக்கு எடுத்த பச்சைப் பாவாடையை இன்னும் அவிழ்க்கவில்லை. தினமும் பழகியவள்போலக் கையிரண்டையும் மேலே தூக்கிக் காட்டினாள். செல்வலட்சுமி குனிந்தாள். குழந்தை இடுப்பில் ஒரு காலும் தோளில் ஒரு காலுமாக ஏறி உட்கார்ந்து, அத்தையின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே உட்கார்ந்ததும் வாய் தானாகப் பாட ஆரம்பித்தது.

"கூரை மேலே காப்புக் கட்டு, கோலம் மேலே பூவை நட்டு, அப்பாரு தோளில்..."

குழந்தை நிறுத்திக்கொண்டாள். கொத்தைப் பிடித்து இழுத்தாள். வேப்பிலை உதிர்ந்தது, பூளைப்பூ செல்வலட்சுமியின் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. துடைக்கக் கையில்லை. இரண்டு கையும் குழந்தையின் காலைப் பிடித்திருந்தன.

"அத்தை, காலைல அப்பாரு என்னக் கூப்டாங்களா?"

கிணற்றடியில் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த பூங்கொடியின் கை நின்றது.

"கெட்டியாப் புடிச்சுக்கோ கண்ணு," என்றாள் செல்வலட்சுமி. "அந்த மூலையில இன்னொண்ணு இருக்குது."